ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் லிப்போ பேட்டரிக்குப் பாதுகாப்பாக சார்ஜ் போடுவது எப்படி?

கேள்வி இது: "பழைய எலெக்ட்ரிக் ஏர்சாஃப்ட் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கூடவே புதிதாக 11.1 வோல்ட், 1300 எம்ஏஎச் லிப்போ ஒன்றும், லேசாக உப்பிப்போன 7.4 வோல்ட் பழைய லிப்போ ஒன்றும் வந்தன. சுவரில் நேராகச் செருகும் சின்ன சார்ஜர் ஒன்று இருக்கிறது, திரையும் பட்டன்களும் உள்ள சார்ஜர் ஒன்றும் இருக்கிறது. எதில் போடுவது? எத்தனை ஆம்பியர்? இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாமா? பழைய பேட்டரியை சார்ஜர் ஏற்க மறுக்கிறது. நிக்கல் மோடில் கொஞ்சம் ஏற்றினால் உயிர் வந்துவிடும் என்கிறார்களே, செய்யலாமா?"

புதியவர்களுக்கு ஒரு வரி: ஏர்சாஃப்ட் என்பது சின்ன பிளாஸ்டிக் குண்டுகளைச் சுடும் விளையாட்டுத் துப்பாக்கி, லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி, எம்ஏஎச் என்பது அதன் கொள்ளளவு. முதலில் சுருக்கமான பதில். திரை உள்ள சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். லிப்போ, பேலன்ஸ் மோடு, 3 செல், 1.3 ஆம்பியர் என்று வைத்துப் போடுங்கள். அது முடியும்வரை அதே அறையிலோ பக்கத்து அறையிலோ விழித்திருங்கள். சின்ன சார்ஜரை லிப்போ பக்கமே கொண்டுபோகாதீர்கள். பழையதை எழுப்ப வேண்டாம். அதை எப்படிக் கழிப்பது என்று கடைசியில் சொல்கிறேன்.

இனி காரணங்கள். போனில் இருப்பதும் லித்தியம் பேட்டரிதான். அதை ராத்திரி முழுக்கச் செருகி வைக்கிறோம், அணைந்துபோகும்வரை ஓட்டுகிறோம், ஒன்றும் ஆவதில்லை. அந்த பேட்டரியோடு ஒரு சின்னக் காவல் சர்க்யூட் ஒட்டியிருப்பதுதான் காரணம். வோல்டேஜ் அளவு மீறி ஏறினாலும் அது துண்டித்துவிடும், இறங்கினாலும் துண்டித்துவிடும். ஏர்சாஃப்டுக்கு விற்கிற லிப்போவில் பெரும்பாலும் அந்த சர்க்யூட் கிடையாது. மோட்டார் கிளம்பும் கணத்தில் நிறைய மின்சாரம் இழுக்கும், நடுவில் எதுவும் தடையாக இருக்கக் கூடாது என்பதால் செல்களை நேராக ஒயரில் பற்றவைத்து, மெல்லிய பிளாஸ்டிக் உறை போட்டு விற்கிறார்கள். ரிமோட் காருக்கும் இதே மாதிரி பேட்டரிதான். ஆனால் அங்கே மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு, பேட்டரி இறங்கிவிட்டால் வண்டியை நிறுத்திவிடும். சாதாரண ஏர்சாஃப்ட் துப்பாக்கியில் டிரிகருக்குப் பின்னால் இருப்பவை இரண்டு உலோகத் தகடுகள். தொட்டால் மின்சாரம் ஓடும், விலகினால் நிற்கும். பேட்டரி சாகக் கிடக்கிறதா என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது.

ஆக, பேட்டரியிலும் காவல் இல்லை, துப்பாக்கியிலும் காவல் இல்லை. ஏற்றும்போது சார்ஜரில் நீங்கள் வைக்கிற செட்டிங்தான் காவல். இறக்கும்போது உங்கள் கவனம்தான் காவல். லிப்போ பற்றிச் சொல்லப்படும் எல்லா விதிகளும் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

சில எண்களை மட்டும் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். லிப்போவின் ஒரு செல்லுக்குப் பெயரளவு வோல்டேஜ் 3.7. முழுதாக ஏறினால் 4.20. அதற்கு மேல் ஒரு துளியும் கூடாது. பயன்படுத்தாமல் வைத்திருக்கும்போது 3.80 முதல் 3.85 வரை. 3.0 வோல்ட்டுக்குக் கீழே போனால் சேதம் உறுதி. நடைமுறையில் 3.5 பக்கம் வரும்போதே ஆட்டத்தை நிறுத்திவிடுவது நல்லது. 7.4 என்று எழுதியிருந்தால் இரண்டு செல், முழு சார்ஜ் 8.4. 11.1 என்றால் மூன்று செல், முழு சார்ஜ் 12.6. பேட்டரி மேல் 2எஸ், 3எஸ் என்று போட்டிருப்பதும் இந்தச் செல் எண்ணிக்கையைத்தான்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 7.4 லிப்போ முழுதாக ஏறினால் 8.4. ஏழு செல் கொண்ட நிக்கல் பேட்டரியின் மேலேயும் 8.4 என்றுதான் எழுதியிருக்கும். இரண்டுக்கும் ஏர்சாஃப்ட் பேட்டரிகளில் வழக்கமாக வரும் மினி தமியா என்ற ஒரே பிளக் இருந்தால், பொருந்துகிறதே, வோல்டேஜும் ஒன்றுதானே என்று சின்ன சார்ஜரில் செருகிவிடுகிறார்கள். விபத்துகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

அந்தச் சின்ன சார்ஜர் ஏன் ஆகாது என்று பார்ப்போம். மின்சாரத்தில் ஓடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியை டோக்கியோ மாருயி நிறுவனம் ஃபாமாஸ் மாடலோடு 1991-ல் கொண்டுவந்தபோது அதில் இருந்தது நிக்கல் காட்மியம் பேட்டரி. சோனி முதல் லித்தியம் அயான் பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அதே 1991-ல்தான் என்பது வேடிக்கை. ஆனால் லித்தியம் வகைகள் இந்த விளையாட்டுக்குள் பரவலாக வர இன்னும் பல வருடம் ஆனது. அதுவரை எல்லாமே நிக்கல்தான். துப்பாக்கியோடு சும்மா கொடுக்கிற சார்ஜர் இன்றும் பல நேரம் நிக்கலுக்கானதாகவே இருப்பதற்கு அதுதான் காரணம்.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்டேஜ் லேசாகக் கீழே சரியும். கொஞ்சம் நல்ல நிக்கல் சார்ஜர் அந்தச் சரிவைப் பார்த்து நின்றுகொள்ளும். மலிவானவற்றில் அதுவும் இல்லை, இத்தனை மணி நேரத்தில் கழற்றிவிடுங்கள் என்று அட்டையில் அச்சடித்திருப்பதோடு சரி. லிப்போவில் அந்தச் சரிவு வரவே வராது. சார்ஜர் காத்துக்கொண்டே இருக்கும், வோல்டேஜ் 4.2-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். அப்போது செல்லுக்குள் எதிர்முனையின் மேல் லித்தியம் உலோகமாகவே படியத் தொடங்கும். நேர்முனைப் பொருள் சிதைந்து ஆக்சிஜனை விடும். நடுவில் இருக்கிற திரவமோ எளிதில் தீப்பற்றும் கரைப்பான். எரிபொருள், ஆக்சிஜன், சூடு மூன்றும் ஒரே உறைக்குள் கிடைத்துவிடுகின்றன. லிப்போ தீயை மூச்சடைத்து அணைக்க முடியாததற்கும் இதுதான் காரணம்.

நிக்கல் காலத்து இன்னொரு பழக்கமும் இங்கே விஷம். "முழுசா காலி பண்ணிட்டுத்தான் சார்ஜ் போடணும்" என்பார்கள். பாதியில் ஏற்றினால் கொள்ளளவு குறைந்துபோகும் அந்த ஞாபக நோய் லிப்போவுக்குக் கிடையாது. பாதியில் ஏற்றலாம், கால்வாசியில் ஏற்றலாம். காலி செய்வதுதான் அதைக் கொல்லும்.

சரி, நல்ல சார்ஜருக்கு வருவோம். பேட்டரியிலிருந்து இரண்டு தடி ஒயர் வருகிறது, அது துப்பாக்கிக்குப் போகிறது. அதோடு ஒரு சின்ன வெள்ளை பிளக்கும் மெல்லிய ஒயர்களோடு தொங்குகிறது, இல்லையா? அதுதான் பேலன்ஸ் பிளக். இரண்டு செல்லுக்கு மூன்று ஒயர், மூன்று செல்லுக்கு நான்கு. சார்ஜர் அதன் வழியாக ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அது இல்லாமல் தடி ஒயரில் மட்டும் ஏற்றினால் மொத்தம் 12.6 வந்ததா என்று மட்டுமே தெரியும். 4.20 மூன்று சேர்ந்தாலும் 12.6, 4.35, 4.20, 4.05 சேர்ந்தாலும் 12.6. இரண்டாவதில் முதல் செல் ஆபத்தான இடத்தில் இருக்கிறது, மொத்தக் கணக்கில் அது தெரியவே தெரியாது. அதனால் பேலன்ஸ் மோடில்தான், ஒவ்வொரு முறையும். "பத்து முறைக்கு ஒருமுறை போதும்" என்று சொல்பவர்கள் மிச்சப்படுத்துவது சில நிமிடம்.

செருகும் வரிசையிலும் ஒரு முறை உண்டு. சார்ஜரோடு வந்த ஒயரின் உருண்டை முனைகளை முதலில் சார்ஜரில் செருகுங்கள், சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில். அதற்குப் பிறகுதான் மறுமுனையில் பேட்டரி. மாற்றிச் செய்தால் பேட்டரியோடு இணைந்த இரண்டு உலோக முனைகள் மேசை மேல் திறந்து கிடக்கும். ஒன்றையொன்று தொட்டால் பளிச்சென்று பொறி பறக்கும், முனையே உருகிவிடும். அப்புறம் பேலன்ஸ் பிளக். கழற்றும்போது தலைகீழ்: முதலில் பேட்டரி, கடைசியில் சார்ஜர் முனை. பிளக் பொருந்துகிறது என்பதற்காகத் துருவம் சரி என்று நம்பிவிடாதீர்கள், மினி தமியாவில் ஒயர் மாற்றிப் போட்டு வருவதும் உண்டு. பிளக்கைத் தாண்டி ஒயரின் நிறத்தைப் பாருங்கள்.

இப்போது திரை. வகையில் 'லிப்போ' என்று இருக்க வேண்டும். லி-அயான், லைஃப், எச்வி என்றெல்லாமும் பட்டியலில் வரும். லைஃப் என்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதன் செல் 3.2 அல்லது 3.3 வோல்ட், முழு சார்ஜ் சுமார் 3.6. ஏர்சாஃப்டில் 9.9 வோல்ட் என்று வருவது அதுதான். அதை லிப்போ மோடில் போட்டால் அளவு மீறிவிடும். எச்வி என்பது 4.35 வரை ஏறும் தனி ரகம், அதற்கான மோடில் உங்கள் பேட்டரியைப் போட்டால் அதே கதைதான். வகையும் செல் எண்ணிக்கையும் தப்பினால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை. இந்த இரண்டையும் மட்டும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படியுங்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வேன். சிரிப்பார்கள். பரவாயில்லை.

ஆம்பியர் கணக்கு எளிது. எம்ஏஎச் எண்ணை ஆயிரத்தால் வகுத்தால் வருவதுதான் உச்ச அளவு. 1300-க்கு 1.3. 1000-க்கு 1. 1450-க்கு 1.4 என்று கீழ்ப்பக்கமாகவே வையுங்கள். இதைத்தான் 1சி என்கிறார்கள். பேட்டரி மேல் கொட்டை எழுத்தில் 25சி என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது இறங்கும் வேகம். 1.3 ஆம்பியரை 25 மடங்காக்கினால் 32.5 ஆம்பியர், அதுவரை இழுத்துக்கொள்ளலாம் என்கிறார் தயாரிப்பாளர். அதிலும் கொஞ்சம் விளம்பரம் கலந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றும் வேகம் 2சி, 5சி வரை தாங்கும் என்று சிலவற்றில் தனியாக எழுதியிருப்பார்கள். தாங்கலாம். அவசரம் இல்லாதபோது 1சி-தான் நல்லது.

தொடங்கும் பட்டனை அழுத்திப் பிடித்தால் சார்ஜர் ஒரு நொடி யோசித்துவிட்டு இரண்டு எண்களைக் காட்டும்: தானே கண்டுபிடித்த செல் எண்ணிக்கை ஒன்று, நீங்கள் வைத்தது ஒன்று. இரண்டும் 3 என்று வந்தால் மட்டும் உறுதி செய்யுங்கள். சார்ஜர் 2 என்று சொல்லி நீங்கள் 3 என்று வைத்திருந்தால், நீங்கள் சொல்வதே சரி என்று அடம்பிடித்து அழுத்தாதீர்கள். ஒன்று, தவறான பேட்டரியை எடுத்திருக்கிறீர்கள். அல்லது ஒரு செல் செத்திருக்கிறது.

ஓட ஆரம்பித்ததும் திரையைக் கொஞ்ச நேரம் பாருங்கள், பாடமே அங்கே இருக்கிறது. ஆம்பியர் 1.3-ல் நிலையாக நிற்கும், வோல்டேஜ் மெல்ல ஏறும். 12.6-ஐ நெருங்கியதும் வோல்டேஜ் நின்றுவிடும், இப்போது ஆம்பியர் இறங்கத் தொடங்கும்: 1.1, 0.8, 0.5 என்று. ஆரம்பத்தில் வைத்ததில் பத்தில் ஒரு பங்குக்கு வந்ததும் முடிந்தது என்று மணி அடிக்கும். செல்கள் ஒன்றுக்கொன்று விலகியிருந்தால் இந்தக் கடைசிப் பகுதிதான் இழுத்துக்கொண்டே போகும். வழக்கமாக ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். பட்டனைத் தட்டினால் தனித்தனிச் செல்களின் வோல்டேஜ் தெரியும். முடியும்போது 4.19, 4.20, 4.20 என்பது ஆரோக்கியம். ஒரு செல் மட்டும் முறைக்கு முறை பின்தங்கினால், அதுவும் 0.1 வோல்ட் அளவுக்கு என்றால், அந்த பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

செட்டிங்குகளில் நேர வரம்பு, கொள்ளளவு வரம்பு என்று இரண்டு இருக்கும். பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. 1300 பேட்டரிக்குக் கொள்ளளவு வரம்பை 1500 என்று வைத்துவிடுங்கள், நேரத்தை இரண்டு மணி நேரம் என்று. வேறு ஏதாவது கணக்குத் தப்பினாலும் இதில் ஒன்று நிறுத்திவிடும்.

இந்த வகை சார்ஜர்களில் புகழ்பெற்ற ஐமேக்ஸ் பி6 மாதிரியைப் போலவே போலிகளும் நிறைய உலவுகின்றன. போலி என்றால் வெடித்துவிடும் என்று அர்த்தமில்லை, ஆனால் அதன் அளவுகோல் தப்பாக இருக்கலாம். சோதித்துவிடலாம். சார்ஜ் முடிந்த பேட்டரியின் பேலன்ஸ் பிளக்கை எடுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை ஓரத்தில் உள்ள கறுப்பு ஒயரின் உலோகத்தில் வையுங்கள். சிவப்பு முனையை அடுத்ததில் வைத்தால் 4.2, அதற்கடுத்ததில் 8.4, கடைசியில் 12.6. ஒரே முனையால் இரண்டு ஒயரைச் சேர்த்துத் தொட்டுவிடாமல் நிதானமாகச் செய்யுங்கள். சார்ஜர் 4.20 என்று சொல்லி மீட்டர் 4.25-க்கு மேல் காட்டினால், மீட்டரின் பேட்டரியைப் புதிதாகப் போட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். அப்போதும் அதே என்றால் அந்த சார்ஜர் வேண்டாம்.

மெனுவெல்லாம் தலைவலி என்றால், பேலன்ஸ் பிளக் வழியாகவே ஏற்றும் பி3 என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. மூன்று விளக்கு, சிவப்பு பச்சையானால் முடிந்தது. மெதுவாக ஏறும். தப்பான செட்டிங் வைக்க வழியே இல்லை என்பது அதன் பலம். பயன்படுத்தாமல் வைக்கும் அளவுக்குக் கொண்டுவரும் 'ஸ்டோரேஜ்' மோடு இல்லாதது குறை.

எங்கே வைத்துப் போடுவது? சிமெண்ட் தரை, டைல்ஸ், கல் மேடை. மேலே திரைச்சீலை இல்லாமல், பக்கத்தில் காகிதம், துணி இல்லாமல். வெளியே ஓடும் வழியை மறித்து வைக்காதீர்கள், தீ பிடித்தால் நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். பேட்டரியைத் துப்பாக்கிக்குள்ளேயே வைத்து ஏற்றக் கூடாது. உப்பினாலும் சூடானாலும் தெரியாது, தீ பிடித்தால் துப்பாக்கியும் சேர்ந்து எரியும். லிப்போ பை என்று கண்ணாடி இழைத் துணியில் விற்பது தீயைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், புகையைத் தடுக்காது. அதைவிட உலோகத் தோட்டாப் பெட்டி நல்லது. ஆனால் அதன் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையைப் பிய்த்து எடுத்துவிட வேண்டும். காற்றுப் புகாமல் மூடிய பெட்டிக்குள் வாயு நிறைந்தால் நீங்களே ஒரு குண்டு செய்து வைத்த மாதிரி.

தூங்கலாமா என்ற கேள்விக்கு இனிப் பதில் தேவையிருக்காது. கடைக்குப் போய்விட்டு வருவதும் அதே கணக்குதான். ஆட்டத்துக்கு முந்தின நாள் மாலையிலேயே ஏற்றிவிட்டால் ராத்திரிப் பிரச்சினையே வராது.

வெப்பநிலையையும் பாருங்கள். ஆட்டம் முடிந்து எடுத்த பேட்டரி வெதுவெதுப்பாக இருக்கும். ஆறவிட்டு ஏற்றுங்கள். எதிர்ப்பக்கம், உறைநிலைக்குக் கீழே சில்லிட்ட பேட்டரியில் ஏற்றினாலும் லித்தியம் உலோகமாகப் படியும், அந்தச் சேதம் திரும்பாது. குளிரில் கிடந்ததை அறைக்குள் கொண்டுவந்து நன்றாகச் சூடு ஏறிய பிறகு போடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் முழு சார்ஜோடு விட்டுவிட்டுப் போவது பேட்டரியை உப்பவைக்க மிகச் சுலபமான வழி.

சார்ஜ் போடுவதைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனால் சார்ஜ் போடும்போது எரிகிற பேட்டரிகளில் பல, முன்பே துப்பாக்கிக்குள் காயப்பட்டவை. தோளில் வைக்கும் ஸ்டாக் பகுதியின் குழாய்க்குள்ளும் முன்கைப்பிடிக்குள்ளும் இடம் குறைவு. கொஞ்சம் பெரிய பேட்டரியை வாங்கிவிட்டு உள்ளே திணிப்பார்கள். குழாயின் விளிம்பு கூராக இருக்கும், லிப்போவின் வெளி உறையோ வெறும் அலுமினியப் படலம். போகவில்லை என்றால் போகவில்லை, கட்டைவிரலால் அமுக்காதீர்கள். ஒயர் விளிம்பில் நசுங்குகிறதா, உறை கீறியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் திருப்பித் திருப்பிப் பாருங்கள்.

பிளக்கை மாற்ற விரும்பினால், மினி தமியாவிலிருந்து டீன்ஸுக்கோ எக்ஸ்டி30-க்கோ போவது நல்ல யோசனைதான், தமியாவின் சின்ன முனைகள் அதிக ஆம்பியரில் சூடாகும். ஆனால் ஒயரை ஒன்று ஒன்றாக வெட்டுங்கள். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, உறை போட்டு முடித்த பிறகுதான் இன்னொன்று. இரண்டையும் சேர்த்துக் கத்திரியால் நறுக்கினால் கத்திரியே ஷார்ட் சர்க்யூட்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு வருகிறேன். லிப்போவின் வோல்டேஜ் கடைசிவரை அதிகம் இறங்காமல் நிற்கும், பிறகு திடீரென்று சரியும். துப்பாக்கியின் சத்தம் தளர்ந்து, டிரிகர் இழுத்ததற்கும் சுடுவதற்கும் இடையே இடைவெளி தெரிய ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம்தான். அந்த நிமிடமே பேட்டரியைக் கழற்றுங்கள், "இந்த ரவுண்டு முடியட்டும்" என்பது வேண்டாம். கொள்ளளவில் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும். 1300-இல் அது சுமார் 1000. சார்ஜர் ஏற்றி முடித்ததும் எத்தனை எம்ஏஎச் உள்ளே போனது என்று காட்டும், அதைப் பார்த்தாலே நேற்று எவ்வளவு செலவழித்தீர்கள் என்று தெரிந்துவிடும். 1200 போயிருந்தால் அடுத்த முறை சீக்கிரம் மாற்றுங்கள். பேலன்ஸ் பிளக்கில் செருகும் குட்டி அலாரம் இருக்கிறது, ஒரு செல் குறைந்ததும் கத்தும். உள்ளே இடம் இருந்தால் போடலாம், இல்லையென்றால் ரவுண்டுகளுக்கு நடுவே செருகிப் பார்க்கலாம். மாஸ்ஃபெட் என்பது டிரிகர் தகடுகளுக்குப் பதிலாக மோட்டார் மின்சாரத்தைத் தாங்கும் எலெக்ட்ரானிக் சுவிட்ச்; வோல்டேஜ் இறங்கினால் தானே நிறுத்தும் மாஸ்ஃபெட் போர்டு பொருத்தினால் இன்னும் நிம்மதி. 11.1 வோல்ட்டில் விளையாடுவதென்றால் எப்படியும் மாஸ்ஃபெட் வேண்டும், இல்லாவிட்டால் டிரிகர் தகடுகள் பொறி பட்டுப் பட்டுக் கருகிவிடும். பழைய துப்பாக்கி என்கிறீர்கள், கியர்கள் அந்த வேகத்துக்கு ஏற்றவையா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் முடிந்ததும் பேட்டரி துப்பாக்கிக்குள் இருக்கக் கூடாது. மாஸ்ஃபெட் இருந்தால் அதுவே சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருக்கும், சில வாரத்தில் பேட்டரி செத்திருக்கும். வீட்டுக்கு வந்து சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' மோடு போடுங்கள். அது செல்லுக்கு 3.8 பக்கம் கொண்டுவந்து நிறுத்தும், அதிகமாக இருந்தால் இறக்கும், குறைவாக இருந்தால் ஏற்றும். ஆட்டம் மழையால் ரத்தாகி, முழு சார்ஜோடு பேட்டரி அலமாரியில் மாதக்கணக்கில் கிடப்பதுதான் பெரும்பாலான பேட்டரிகள் உப்புகிற கதை. ஓரிரு நாளுக்கு மேல் முழு சார்ஜில் வைக்காதீர்கள்.

வெளியூர் ஆட்டத்துக்கு விமானத்தில் போனால் லிப்போக்கள் கைப்பையில்தான், சரக்குப் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி அனுமதி கிடையாது. 11.1-ஐ 1.3-ஆல் பெருக்கினால் 14.4 வாட் அவர், பொதுவான 100 வாட் அவர் வரம்புக்கு வெகு கீழே. பிளக்குகளை டேப் ஒட்டி மூடுங்கள். எண்ணிக்கை பற்றி நிறுவனத்துக்கு நிறுவனம் விதி உண்டு, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்றும்போது ஏதாவது தப்பாகப் போனால்? பேட்டரி தொடமுடியாத அளவு சூடாகிறது, கண்ணெதிரே உப்புகிறது, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை போல இனிப்பாக ஒரு மணம் வருகிறது என்றால், முதலில் சுவர் ஸ்விட்சை அணையுங்கள். புகை இல்லையென்றால் மட்டும் நீண்ட இடுக்கியால் பெட்டியோடு வெளியே எடுத்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். அடங்கிவிட்டது போலத் தெரிந்தாலும் கிட்டே போகாதீர்கள், கால் மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும். பற்றிவிட்டால் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவும். புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், அது நுரையீரலை அரிக்கும். தீயோடு மல்லுக்கட்ட வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்து தீயணைப்புத் துறையை அழைப்பதுதான் சரி. தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. அது லித்தியம் உலோகத்துக்கான எச்சரிக்கை. இந்த பேட்டரிகளில் தாராளமான தண்ணீர் சூட்டைத் தணிக்கும், சுற்றியுள்ளவற்றுக்குப் பரவாமலும் காக்கும், ஆனால் சுவர் மின்சாரம் அணைந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்திருப்பதும் நல்லதே.

கடைசியாக, அந்த உப்பிய 7.4. அதை சார்ஜர் ஏற்க மறுப்பது கோளாறு அல்ல, சார்ஜர் தன் வேலையைச் செய்கிறது. ஏதோ ஒரு செல் அளவுக்குக் கீழே போய்விட்டது. லித்தியம் செல் மிகவும் இறங்கினால் எதிர்முனையைத் தாங்கும் செப்புத் தகடு கரைந்து திரவத்தில் கலக்கிறது. திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, நடுவில் உள்ள மெல்லிய பிரிப்புத் தாளைக் கடந்து இரண்டு பக்கத்தையும் இணைத்துவிடலாம். நிக்கல் மோடில் போட்டால் சார்ஜர் செல்களைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். "எனக்கு வேலை செய்தது" என்பவர்கள் பொய் சொல்லவில்லை, வோல்டேஜ் நிஜமாகவே ஏறும். உள்ளே படிந்த செம்பு எந்த மீட்டரிலும் தெரியாது. அது இன்றைக்கு ஷார்ட் ஆகுமா, நான்காவது ஆட்டத்தில் உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்டாக்குக்குள் ஆகுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதோடு இது உப்பியும் இருக்கிறது. கட்டைவிரலால் லேசாகத் தொட்டால் விறைப்பாக இல்லாமல் மெத்தென்று இருக்கும், உள்ளே திரவம் சிதைந்து உண்டான வாயு அது. ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுகிற வீடியோக்களைப் பார்த்து அதைச் செய்துவிடாதீர்கள்.

கழிப்பதற்கு முன் மிச்சமிருக்கும் சார்ஜைத் தீர்க்க வேண்டும். கட்டடத்துக்கு வெளியே, கல் மேல் வைத்து, 12 வோல்ட் கார் பல்பு ஒன்றைத் தடி ஒயர்களில் இணையுங்கள். பல்பு எரிந்து, மங்கி, அணையும். அதற்குப் பிறகும் ஒரு நாள் அப்படியே விடுங்கள், மீட்டரில் ஏறக்குறைய பூஜ்யம் வரட்டும். உப்புத் தண்ணீரில் போடச் சொல்வது பழைய யோசனை. அதில் முனைகள் முதலில் அரித்துப்போய், சார்ஜ் உள்ளேயே தங்கிவிடுவதுண்டு. பூஜ்யம் ஆனதும் தடி பிளக்கையும் பேலன்ஸ் பிளக்கையும் தனித்தனியாக டேப் சுற்றி, மின்னணுக் கழிவோ பழைய பேட்டரியோ வாங்கும் இடத்தில் கொடுங்கள். வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை வண்டியின் அமுக்கியில் நசுங்கித் தீப்பிடிக்கும். கொடுக்கும்போது உப்பிய லிப்போ என்று வாயால் சொல்லிக் கொடுங்கள், அப்போதுதான் அவர்கள் மற்ற பேட்டரிகளோடு கொட்டாமல் தனியாக வைப்பார்கள்.